பொதுக் கல்வி நிர்வாகத்தில் தனியார் செல்வாக்கும் புள்ளிவிவரப் பயன்பாடும்

அரசாங்கத்தின் பொறுப்பிலும் செலவிலும் நடைபெறும் பள்ளிகளின் நிர்வாகத்தில் கம்பெனிகளும் அறக்கட்டளைகளும் ஆலோசனை ஸ்தாபனங்களும் பொருளாலோ யோசனையாலோ கருவிகளாலோ இடம்பெறுவதும், மாணவர், ஆசிரியர், கட்டடம், கற்றல் அடைவு ஆகியவற்றைப் பற்றித் திரட்டிய எண்களைக் கொண்டு அப்பள்ளிகளை ஆள்வதும், இக்காலத்தில் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துவிட்ட இரண்டு போக்குகளாகும். தமிழ்நாட்டில் இவை வளர்ந்த வரலாற்றையும் இன்று நிற்கும் நிலையையும், கடலூர் மாவட்டத்தின் மங்களூர் ஊராட்சி ஒன்றியத்தை மனத்தில் இருத்தி இக்கட்டுரை விவரிக்கிறது.

கன்னட நாட்டுத் துறைமுகப் பட்டினத்தின் பெயரையே தாங்கியிருப்பினும், இந்த மங்களூர் பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்கு மேற்கே, மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பகுதியில் அமைந்த சிற்றூர். அதன் பெயரால் வழங்கும் ஒன்றியத்தில் பெரும்பான்மைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பவை ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளே. இந்தியாவில் பள்ளிகளைப் பற்றிய எண்களை ஒரே முறையில் திரட்டி ஆளும் வழக்கம் பரிசோதனையாகத் தொடங்கிய மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று என்பதால், இவ்வொன்றியம் இவ்விஷயத்துக்குப் பொருத்தமான உரைகல்லாகும்.

பழைய முன்மாதிரிகள்

தனியார் கையில் இருந்த கல்வியை அரசாங்கம் எண்களைக் கொண்டு ஆளமுற்பட்டது புதிய செய்தியன்று. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை உதவி மானிய முறையை வகுத்த பின்னர், சென்னை மாகாணத்தில் 1860களில் தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்னும் ஏற்பாடு புகுந்தது. இங்கிலாந்தில் கல்விப் பொறுப்பிலிருந்த ராபர்ட் லோ 1862இல் நடைமுறைப்படுத்திய திருத்த விதிகளின் சாயலில் அமைந்த அவ்வேற்பாட்டின்படி, பள்ளி ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதித்து, தேறியவர்களின் தொகைக்குத் தக்கபடி மானியத்தை நிர்ணயிப்பார். கிராமந்தோறும் இருந்த திண்ணைப் பள்ளிகள் பலவற்றை அரசாங்கத்தின் கண்காணிப்பில் கொண்டுவந்தது இம்முறையே என்பது அதற்குரிய பெருமை. ஆயினும், ஆய்வாளர் எதைக் கேட்பாரோ அதை மட்டுமே உபாத்தியாயர் கற்பிப்பதும், தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளை கவனிப்பாரற்றுப் போவதும் அதன் விளைவுகளாயின. 1904ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கக் கல்வித் தீர்மானத்தை ஒட்டி அம்முறை கைவிடப்பட்டது. பள்ளியை எண்ணால் அளந்து, அந்த எண்ணோடு பணத்தையோ தண்டனையையோ பிணைத்தால், பள்ளி எண்ணுக்காக நடக்கத் தொடங்கும் என்னும் உண்மையைத் தமிழ்நாடு அன்றே பட்டறிந்தது.

இதற்கு நேர்மாறான முன்மாதிரி 1958இல் தோன்றியது. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த அக்காலத்தில், செங்கற்பட்டு ஜில்லாவின் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. அதைத் தொடர்ந்து மாநிலமெங்கும் நடந்த மாநாடுகளில் ஊர்மக்களும் வணிகர்களும் நிலக்கிழார்களும் கட்டடம், நிலம், கரும்பலகை, பெஞ்சு, சீருடை எனத் தத்தம் சக்திக்கேற்பப் பள்ளிகளுக்கு வழங்கினார்கள். 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் ஊரார் பங்கும் அரசாங்கப் பங்கும் சேர்ந்தே நடந்தது. அந்தக் கொடையில் தனியார் பொருள் இருந்தது, தனியார் அதிகாரம் இல்லை. பெஞ்சு கொடுத்தவர் பாடத்தை வகுக்கவில்லை, சீருடை கொடுத்தவர் ஆசிரியரின் வேலையை மதிப்பிடவில்லை. கொடுத்தவரின் முகம் ஊருக்குத் தெரிந்திருந்தது என்பதும், கொடுத்த பொருளை ஊரார் கண்ணாலே கண்டு கணக்குப் பார்க்க முடிந்தது என்பதும் அம்முறையின் சிறப்புக்கள். இன்றைய ஏற்பாடுகளை எடைபோட இதனினும் சிறந்த தராசு கிடைப்பது அரிது.

எண்களின் வருகை

உலக வங்கியின் கடனுதவியோடு 1994இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, முதற்கட்டமாக ஏழு மாநிலங்களில் 42 மாவட்டங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளோடு, அப்போதுதான் இரண்டாகப் பிரிந்திருந்த தென்னார்க்காட்டின் கடலூர், விழுப்புரம் பகுதிகளும் அவற்றுள் அடங்கின. அத்திட்டத்தின் தேவைக்காகவே, புதுடெல்லியிலுள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனம், யுனிசெப்பின் ஒத்துழைப்போடு, மாவட்டக் கல்வித் தகவல் முறையை உருவாக்கியது. வகுப்பறைகள் எத்தனை, கழிப்பறை உண்டா, குடிநீர் உண்டா, பெண் குழந்தைகள் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர் என்னும் வினாக்கள் அடங்கிய படிவத்தை ஆண்டுக்கொரு முறை நிரப்பும் வழக்கம் இவ்வாறு மங்களூர் போன்ற ஒன்றியங்களுக்கு வந்தது. வட்டார வள மையம் என்னும் அமைப்பும் அத்திட்டத்தின் பேறே. 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் தோன்றிய பின் அப்படிவம் நாடெங்கும் பரவி, 2012-13இல் உயர்நிலை, மேல்நிலை வகுப்புக்களையும் சேர்த்து, ஆசிரியர்கள் இன்று யூடைஸ் என்று வழங்கும் ஒருங்கிணைந்த முறையாயிற்று.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது. கழிப்பறை இல்லாத பள்ளிகளின் பட்டியல் இருந்ததனால்தான் அவற்றைக் கட்டுவதற்குப் பணம் கேட்க முடிந்தது. ஓராசிரியர் பள்ளிகள் எங்கெங்கே உள்ளன என்று தெரிந்ததனால்தான் பணியிடங்களுக்காக வாதாட முடிந்தது. மழை பொய்த்த ஆண்டில் பெற்றோரோடு வெளியூர் போய்விடும் குழந்தையைப் பெயர்சொல்லித் தேடவும் ஒரு பதிவேடு வேண்டும்.

2012ஆம் ஆண்டளவில் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை அமைத்த கல்வி மேலாண்மைத் தகவல் முறை, அதாவது எமிஸ், இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அதற்கு முன் எண்ணப்பட்டது பள்ளி. அதற்குப் பின் எண்ணப்படுவது தனித்தனிக் குழந்தை. ஒவ்வொரு மாணவனுக்கும் தனி எண் கொடுக்கப்பட்டு, பெயர், பிறந்த நாள், சாதி, பெற்றோரின் தொழில், கைபேசி எண், அன்றாட வருகை, பெற்ற நலத்திட்டங்கள், தேர்வு அடைவு ஆகியவை அவ்வெண்ணின் கீழ்ச் சேர்கின்றன. பள்ளி மாறும்போது பதிவும் உடன் செல்வதும், ஒரே பெயர் இரண்டு பள்ளிகளின் பதிவேட்டில் நிற்பது தடைபடுவதும் இதன் லாபங்கள். ஆனால் ஆண்டுக்கொரு முறை நிரப்பிய படிவம் நாள்தோறும் கைபேசிச் செயலியில் பதியவேண்டிய கடமையாக மாறவே, இரண்டே ஆசிரியர்கள் உள்ள கிராமப் பள்ளியில் இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் வேளைகளில் பாட நேரம் பதிவேற்றத்துக்கே போயிற்று. தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழுவாகிய டிட்டோஜாக் 2023இல் முன்வைத்த கோரிக்கைகளுள் எமிஸ் பணியிலிருந்து விடுதலை என்பது முதன்மையானதாக இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், வருகைப் பதிவு நீங்கலான பணிச்சுமையைக் குறைப்பதாக அரசாங்கமும் உறுதி கூறிற்று. கற்பித்தலை மேம்படுத்த வந்த கருவி கற்பித்தலின் நேரத்தையே உண்டது என்பதை அரசாங்கமும் ஒப்பியதற்கு இது சான்று.

தனியாரின் புதிய இடம்

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின் வழியாக, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி ரூபாய் விற்றுவரவோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள கம்பெனிகள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடவேண்டும் என்று விதித்தது. அதன் ஏழாம் அட்டவணையில் கல்வி இடம்பெற்றிருப்பதால், பெருந்தொகை பள்ளிகளை நோக்கிப் பாயலாயிற்று. தமிழ்நாட்டில் அதை ஒழுங்குபடுத்த 2022ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி என்னும் திட்டம் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் தொடங்கப்பட்டது, தொழிலதிபர் வேணு சீனிவாசன் அதன் தலைவராக அமர்த்தப்பட்டார். நன்கொடையாளர் தாம் விரும்பும் பள்ளியையும் பணியையும் தெரிந்தெடுத்து உதவ இது வழிசெய்தது. கடம்பத்தூரின் மரபைச் சேர்ந்தது என்று இதனைச் சொல்லலாமெனினும், மங்களூர்ப் பகுதியில் பெருவழிச் சாலையை அடுத்த தொழுதூர், ராமநத்தம் பள்ளிகள் கொடையாளரின் கண்ணில் படுவதுபோல உள்ளே ஒதுங்கிய கிராமத்துப் பள்ளி படாது என்னும் குறை கொடையை நம்பிய எந்த ஏற்பாட்டுக்கும் உரியது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், தனியார் பள்ளிகளின் சங்கம் ஒன்று 500 அரசுப் பள்ளிகளுக்கு உதவ முன்வந்த செய்தி, அப்பள்ளிகள் தாரைவார்க்கப்படுகின்றன என்னும் அச்சமாகப் பரவி, கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் மறுப்புக் கூறவேண்டி வந்தது. அந்த அச்சம் எழுந்ததே, உதவிக்கும் உடைமைக்கும் இடையிலுள்ள எல்லை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

பொருளைவிட ஆழமாகச் செல்வது யோசனையின் செல்வாக்கு. அது தீயதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ரிஷிவேலி அறக்கட்டளையின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டைவழிக் கற்றலைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு 2003இல் கொண்டுவந்தவர் அன்றைய ஆணையர் எம். பி. விஜயகுமார், ஆசிரியர்கள் நேரில் சென்று கண்டு, தமக்கேற்ற அட்டைகளைத் தாமே செய்தார்கள், 2007-08இல் அது செயல்வழிக் கற்றல் என மாநிலம் முழுவதும் பரவிற்று. அங்கே யோசனை தனியாருடையது. உழைப்பும் முடிவும் பொதுத்துறையுடையவை. 2022ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலோ, மதி அறக்கட்டளை முதலிய தொண்டு ஸ்தாபனங்கள் பாடப்பொருள் ஆக்கத்திலும் பயிற்சியிலும் துறையின் கூட்டாளிகளாக நின்றன. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் எழுதப் படிக்க வேண்டும் என்னும் அதன் நோக்கத்தைக் குறைகூற ஒருவருமில்லை. குழந்தைகளின் நிலையை அளக்க பி.எட். மாணவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியபோதுதான் ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. வகுப்பை அறியாதவர் ஒரு நாளில் வந்து அளந்து போகும் எண் ஆசிரியரின் தலைமேல் தொங்கும் என்னும் அவர்களுடைய கவலை, பழைய ஆய்வாளர் காலத்தை நினைப்பவர்க்கு நியாயமானதாகவே தோன்றும்.

அயல் அனுபவங்கள்

ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா ஆகிய மாநிலங்களில் நிதி ஆயோக் நடத்திய சாத்-ஈ திட்டத்தில், பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்னும் ஆலோசனை ஸ்தாபனமும் பிரமல் அறக்கட்டளையும் பள்ளி இணைப்பு உள்ளிட்ட சீர்திருத்தங்களை வகுப்பதில் பங்கேற்றன. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியை அடுத்த பள்ளியோடு சேர்ப்பது கணக்கில் சிக்கனமாகத் தெரியும். ஆயின் இரண்டு கிலோமீட்டர் காட்டுவழி நடக்கவேண்டிய சிறுமியின் கால்வலிக்கு அக்கணக்கில் கட்டம் இல்லை.

அமெரிக்காவில் கேட்ஸ் அறக்கட்டளை முதலியவற்றின் 10 கோடி டாலர் ஆதரவோடு 2013இல் தோன்றிய இன்ப்ளூம் என்னும் மாணவர் தகவல் களஞ்சியம், தம் பிள்ளைகளின் விவரங்கள் வெளியார் கைக்குச் செல்வதைப் பெற்றோர் எதிர்த்ததால், மூடப்படுவதாக 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலோ, எக்ஸ்டெப் அறக்கட்டளையின் தொழில்நுட்பத்தின்மீது மத்திய அரசாங்கம் அமைத்த தீக்ஷா என்னும் கற்றல் தளத்தின் ஒரு சேமிப்பகம் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்து, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயரும் தொடர்பு விவரங்களும் வெளிப்பட்டிருந்ததாக 2023ஆம் ஆண்டு ஜனவரியில் செய்தி வந்தும், பெற்றோரிடையே அத்தகைய எழுச்சி ஏற்படவில்லை. தம் பிள்ளையைப் பற்றி எவ்வளவு பதியப்படுகிறது என்பதை இங்குள்ள பெற்றோருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லாததே அதற்குக் காரணம் எனலாம்.

சட்ட நிலை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் ஆதார் தீர்ப்பில், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமன்று என்றும், குழந்தையின் பதிவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும் வரையறுத்தது. 2023ஆம் ஆண்டின் மின்னியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கோருவதோடு, குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் தடுக்கிறது. எனினும் 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான விதிகள் கல்வி ஸ்தாபனங்களுக்குக் கல்விப் பணியின் பொருட்டும் பாதுகாப்பின் பொருட்டும் விலக்கு அளிக்கின்றன. அரசாங்கத்துக்கும் சட்டமே சில விலக்குகளைத் தந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவனைப் பொறுத்தவரை, காவல் வேண்டிய இடத்திலேயே கதவு திறந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

இவ்வளவும் நோக்கும்போது தெளிவாவது ஒன்று. பள்ளிக்குப் பணம் தருபவரைக்காட்டிலும், பள்ளியில் எதை எண்ணவேண்டும் என்று தீர்மானிப்பவரே பள்ளியை ஆள்கிறார். அத்தீர்மானம் சட்டமன்றத்துக்கும் ஊருக்கும் பதில்சொல்லக் கடமைப்பட்டவரிடம் இருக்கும்வரை தனியாரின் பொருளும் யோசனையும் வரவேற்கத்தக்கவை. ஒப்பந்த ஸ்தாபனத்திடம் அது நழுவினால், பள்ளி பெயரளவில் மட்டுமே பொதுவாகும். மங்களூர் ஒன்றியத்தின் பள்ளிகளிலிருந்து 1990களிலிருந்தே எண்கள் மேல்நோக்கிச் சென்றவண்ணம் உள்ளன. ஊர் மக்களுக்கு விளங்கும் தமிழில் அவை திரும்பி வரும் வழி இன்னும் செப்பனிடப்படவில்லை.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவை ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் வகுத்திருக்கிறது. பள்ளியில் நுழையும் தனியார் ஸ்தாபனம் எது, அதனோடு துறை செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் என்ன சொல்கிறது, தம் குழந்தைகளின் விவரங்கள் யாரிடம் உள்ளன என்று கேட்க அக்குழுவே தக்க இடம். அங்கே விடை கிடைக்காவிடில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து அவ்வொப்பந்தத்தின் நகலைக் கேட்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பெற்றோர் தயங்காமல் பயன்படுத்துவார்களாக.