சிங்கப்பூர் - நியூயார்க் இடைநில்லாப் பறப்பு

சிங்கப்பூர் - நியூயார்க் இடைநில்லாப் பறப்பு என்பது சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையத்திற்கும் ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க்கிலுள்ள ஜான் எஃப். கென்னடி வானூர்தி நிலையத்திற்கும் இடையே, நடுவில் எங்கும் தரையிறங்காமல் நடைபெறும் பயணிகள் சேவை ஆகும். இவற்றுக்கு இடைப்பட்ட மிகக் குறுகிய தொலைவு ஏறத்தாழ 15,349 கி.மீ. பயண நேரம் 18 மணி நேரத்திற்கும் மேலாகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் இச்சேவையை 2020 நவம்பரில் தொடங்கியபோது, தொலைவின் அடிப்படையில் இதுவே உலகின் மிக நீண்ட பயணிகள் சேவையாக இருந்தது.

தொலைவு

புவி உருண்டை வடிவினது. எனவே அதன் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையேயான மிகக் குறுகிய வழி, பெருவட்டம் ஒன்றின் வில்லாகும். சிங்கப்பூர் 104° கிழக்குத் தீர்க்கரேகையிலும் நியூயார்க் 73.8° மேற்குத் தீர்க்கரேகையிலும் உள்ளன. இவற்றின் இடைவெளி ஏறத்தாழ 178°. அதாவது, இரு நகரங்களும் ஏறக்குறைய எதிரெதிரான தீர்க்கரேகைகளில் அமைந்துள்ளன. ஆகவே மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது.

இதனைக் கொண்டு தொலைவை எளிதாகக் கணக்கிடலாம். சிங்கப்பூரிலிருந்து (1.4° வடக்கு) துருவம் வரை 88.6 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் (40.6° வடக்கு) வரை 49.4 பாகை. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. எனக் கொண்டால் ஏறத்தாழ 15,345 கி.மீ. கிடைக்கிறது. தட்டையான உலகப் படத்தில் இவ்வழி புலப்படுவதில்லை.

பறப்பு வழி

வானூர்திகள் எப்போதும் மிகக் குறுகிய வழியில் செல்வதில்லை. நடு அகலாங்குகளில், ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வலிய ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. இதனைப் பின்காற்றாகப் பயன்படுத்த, நியூயார்க் செல்லும் வானூர்தி பெரும்பாலும் பசிபிக் பெருங்கடல் வழியாகச் செல்கிறது. தொலைவு கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகின்றன.

பயண நேரம்

சிங்கப்பூர் நேரம் நியூயார்க் நேரத்தைவிடக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் முந்தியது. கோடையில் சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு 18 மணி 40 நிமிடம் பறக்கும் வானூர்தி, அதே தேதியில் நியூயார்க் நேரப்படி காலை 6.40க்குச் சேரும். அங்கிருந்து முற்பகல் 11 மணிக்குப் புறப்பட்டு அதே அளவு நேரம் பறந்தால், மறுநாள் மாலை 5.40க்குச் சிங்கப்பூரை அடையும்.

வரலாறு

2004 ஜூன் 28 அன்று, நியூயார்க்கிற்கு அருகில் நியூ செர்சி மாநிலத்திலுள்ள நியூவார்க் நிலையத்திற்கு முதல் இடைநில்லாச் சேவை தொடங்கப்பட்டது. இதற்கு நான்கு பொறிகளைக் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 பயன்பட்டது. நீண்ட பறப்பில், பிற்பகுதிக்கான எரிபொருளைச் சுமப்பதற்கே முற்பகுதியில் கூடுதல் எரிபொருள் செலவாகிறது. எரிபொருள் விலை உயர்ந்த நிலையில், இச்சேவை 2013 நவம்பரில் நிறுத்தப்பட்டது.

2018 அக்டோபர் 11 அன்று, இரண்டு பொறிகளை மட்டும் கொண்ட ஏர்பஸ் ஏ350-900 வானூர்தியின் மீநெடுந்தொலைவு வகையைக் கொண்டு நியூவார்க் சேவை மீண்டும் தொடங்கியது. இவ்வகை 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க 161 இருக்கைகளே அமைக்கப்பட்டன: வணிக வகுப்பில் 67, மேம்பட்ட சிக்கன வகுப்பில் 94. சாதாரண சிக்கன வகுப்பு இதில் இல்லை.