ஹன்னாவின் நாட்குறிப்பும் நம் பூட்டிமாரும்

1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியிலுள்ள ஷிஃப்னல் என்னும் சிற்றூரில் எழுபத்தாறு அகவையுடைய மூதாட்டி ஒருவர் மறைந்தார். பெயர் ஹன்னா கல்விக். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறர் வீட்டுச் சமையற்கட்டில் கழித்தவர். வேலைக்காரி ஒருத்தியின் மறைவு எந்த ஊரிலும் பெருஞ்செய்தி ஆவதில்லை. எனினும் இந்த அம்மையார் எந்த ஆண்டில் எந்த வீட்டில் எத்தனை சோடிக் காலணிகளைத் துடைத்தார் என்பது வரை இன்று நாம் படித்தறிய முடிகிறது. அதே காலத்தில் கிணத்துக்கடவுப் புன்செய்க் காடுகளில் சோளத்தட்டு அறுத்த நம் பூட்டிமாரைப் பற்றியோ, பெயரைக்கூட நம்மால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. இரு சாராருமே விக்டோரியா மகாராணியாரின் குடிகள்தாம்.

ஹன்னா 1833இல் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். தாய் திருமணத்திற்கு முன் சீமாட்டி ஒருவரிடம் பணிப்பெண்ணாக இருந்தவர். அறப்பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் எழுத்துக் கற்ற ஹன்னா, எட்டு வயதளவிலேயே வேலைக்குச் சென்றார். பதினான்காம் வயதில், 1847இல், தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தனர். உடன்பிறந்தோர் சிதறினர். அதன்பின் வீடு வீடாக மாறி, பாத்திரம் துலக்குபவராகவும் சமையற்காரியாகவும் எல்லா வேலைக்கும் ஒரே ஆளாகவும் அவர் உழைத்தார். 1851ஆம் ஆண்டு பிரித்தானியக் குடிக்கணக்கில் வீட்டுப் பணியாளர் பத்து லட்சத்துக்கு மேல். அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருத்தி, அவ்வளவே.

1854இல் இலண்டனில் ஆர்தர் மன்பி என்பவரைச் சந்தித்தார். அவர் கேம்பிரிட்ஜில் படித்தவர், கவிஞர், அரசு அலுவலர். உழைக்கும் பெண்களின்பால் அவருக்கு விந்தையான ஈடுபாடு இருந்தது. நிலக்கரிச் சுரங்க வாயிலில் வேலைசெய்த பெண்களையும் மீனவப் பெண்களையும் தேடிச்சென்று உரையாடினார், அவர்களின் நிழற்படங்களைத் திரட்டினார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஹன்னா தம் அன்றாட வேலைகளை எழுதத் தொடங்கினார். 1873 வரை எழுதினார். கணப்புகளின் சாம்பலை அள்ளியது, வாயிற்படியை மண்டியிட்டுத் தேய்த்தது என வேலைக்குப் பின் வேலையாக நீளும் குறிப்புகள் அவை. அலுப்பூட்டும் என்று நினைப்போம். படித்தால் கீழே வைக்க மனம் வராது.

இந்த உறவைக் காதல் காவியமாக்க நமக்கு விருப்பமில்லை. ஹன்னா அவரை ‘மாஸா’ என்றே அழைத்தார். அமெரிக்க அடிமைகள் தம் உடைமையாளரை அழைத்த சொல் அது. நம் பக்கத்துப் பண்ணையாட்கள் ‘பண்ணாடி’ என்று சொல்லும் குரல் நம் காதில் ஒலிக்கிறது. கழுத்தில் பூட்டிட்ட சங்கிலி ஒன்றையும் அணிந்தார், திறவுகோல் மன்பியிடம். 1873 ஜனவரியில் இருவரும் மறைவாக மணந்துகொண்டனர். அதன்பின்னும் மன்பியின் இருப்பிடத்தில் அவர் வேலைக்காரியாகவே அறியப்பட்டார். இதில் நம்மை நிறுத்துவது ஒன்றுண்டு: மனைவியான பிறகும் தம் உழைப்புக்குக் கூலி தரவேண்டும் என்று ஹன்னா கேட்டுப் பெற்றார். சீமாட்டியாக உடுத்தி உலவுவதை அவர் பெரிதாக விரும்பவில்லை. அடிமைத்தனம் என்று ஒரு சொல்லால் இதை முடித்துவிட முடியாது. விடுதலை என்றும் சொல்ல முடியாது. 1877இல் பிரிந்து தம் ஊர்ப்பக்கம் திரும்பினார். மன்பி இறுதிவரை அவரைச் சென்று கண்டுவந்தார்.

அந்த 1877ஆம் ஆண்டை நம் ஊரில் ‘தாது வருடப் பஞ்சம்’ என்பார்கள். தாது ஆண்டு 1876இல் பிறந்தது. பஞ்சம் 1878 வரை நீண்டது. 1877 ஜனவரி முதல் நாளன்று தில்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவித்துத் தர்பார் நடந்தது. அதே மாதத்தில் சென்னை மாகாணத்துப் பஞ்ச நிவாரண வேலைக்குச் சர் ரிச்சர்ட் டெம்பிள் ஒரு கூலியை வகுத்தார்: ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும், பெண்களுக்கு அதனினும் குறைவு. ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. கல் உடைக்கும் உடம்புக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்ந்தது. அதற்குள் மடிந்தவர் மடிந்தனர். கோயமுத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் 17,63,274, 1881இல் 16,57,690. பத்தாண்டில் ஊர்கள் பெருகியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு லட்சம் பேர் குறைந்தனர்.

இந்த எண்களுக்குள் பெயர் இல்லை என்பதுதான் நாம் சொல்லவந்தது. 1871இல் இங்கிலாந்திலும் குடிக்கணக்கு எடுத்தார்கள், சென்னை மாகாணத்திலும் எடுத்தார்கள். அங்கே வீடுதோறும் எழுதிய தாள்கள் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் ஆகியவற்றோடு காப்பகத்தில் இருக்கின்றன. நாட்குறிப்பு எழுதாத வேலைக்காரியையும் அவற்றில் கண்டுபிடிக்கலாம். இங்கே கூட்டுத்தொகையை அச்சிட்டார்கள்; எண்ணிய தாள்களைப் பாதுகாக்கவில்லை. நிலப்பட்டாவோ பெரும்பாலும் ஆண் பெயரில். நிலமே இல்லாத பண்ணையாள் வீட்டுப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நிறுவிய காப்பிக்கொட்டைப் பதனிடும் ஆலையை எடுத்துக்கொள்வோம். அவ்வகை ஆலைகளில் கொட்டை பொறுக்கித் தரம் பிரிப்பது பெண்களின் வேலை. அவரே 1888இல் நூற்பாலையையும் தொடங்கினார். 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலைநேரத்தை நாளுக்குப் பதினொரு மணி என வரையறுத்தது. முதலாளியின் பெயர் நமக்குத் தெரிகிறது, சட்டத்தின் ஆண்டு தெரிகிறது. பதினொரு மணி நேரம் நின்றவள் மட்டும் தெரியவில்லை.

ஹன்னாவின் எழுத்தும் தானாக நமக்கு வந்துவிடவில்லை. 1910இல் இறந்த மன்பி, தம் பெட்டிகளைக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்கு விட்டுச்சென்றார். 1950 வரை திறக்கலாகாது என்பது நிபந்தனை. 1972இல் டெரிக் ஹட்சன் மன்பியைப் பற்றி எழுதினார். ஹன்னாவின் நாட்குறிப்புகளை லிஸ் ஸ்டான்லி பதிப்பித்து நூலாக்கியது 1984இல்தான். கனவான் ஒருவரின் பெட்டிக்குள் இருந்ததால் பிழைத்த எழுத்து அது. நம் பக்கத்தில் பஞ்சத்தைப் பற்றிக் கும்மிப் பாடல்கள் உண்டு. ஆயினும் ஒரு பெண் தன் கூலியையும் களைப்பையும் தானே எழுதிவைத்த தாள் எதுவும் நம் கைக்கு வரவில்லை.

எஞ்சியிருப்பது நினைவு. இன்று தொண்ணூறு வயதைத் தொட்ட மூதாட்டியின் அம்மிச்சி 1880களில் பிறந்திருப்பார். அம்மிச்சியைப் பெற்றவர் தாதுப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டிருப்பார். எனவே நம் மாணவர்களிடம் தாய்வழிப் பெண்களின் பெயரை மட்டும் வரிசையாக எழுதிவரச் சொன்னோம். பெரும்பாலோர் மூன்றாம் பெயரில் நின்றுவிட்டனர். பாட்டி பெயரையே பேத்திக்கு இடும் வழக்கத்தால் மாரியாத்தாளும் பழனியாத்தாளும் மாறிமாறி வர, எந்த மாரியாத்தாள் யாருக்குத் தாய் என்ற குழப்பம் வேறு. பக்கத்து வீட்டு மூதாட்டியைக் கேட்டு எழுதிய மாணவி ஒருவர் மட்டும் நான்காம் தலைமுறை வரை சென்றிருந்தார். அங்கே பெயருக்கு உரிய இடம் காலியாக இருந்தது. அதன் எதிரே, ‘பஞ்சத்தில் ரோட்டுக்குக் கல் உடைக்கப் போனவர், திரும்பி வந்தவர்’ என்று எழுதியிருந்தார்.