ரோஜா முத்தையாவின் காகிதங்கள்

வங்கியில் நகைக்கு உரைகல்லோடு ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அச்சிட்ட காகிதத்துக்கு அப்படி யாருமில்லை. கடத்தூரிலும் அது எடைக்குத்தான் போகிறது. விமர்சகனே உரைகல் என்பது நம் வட்டத்தின் நம்பிக்கை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு அதைக் கலைக்கிறது.

உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி அலைந்தபோது தேடும் நூலின் பெயராவது கையிலிருந்தது. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த முத்தையாவுக்கு அந்தத் துணையும் இல்லை. நாவல், வைத்திய நூல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புஸ்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்தார். 1992-ல் காலமானார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளை வாங்கி, கடல் கடத்தாமல், சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைநிறுத்தியது.

கம்பராமாயணம் அங்கில்லாவிட்டாலும் வேறெங்காவது கிடைக்கும். தெருவில் பாடி விற்ற குஜிலிப் பாட்டு அப்படியல்ல. கொலை, ரயில் விபத்து, பஞ்சம் என்று அன்றைய சேதியைப் பாடியது. சேதி பழசானதும் பொட்டலம் மடிக்கப் போயிற்று. ரசிகன் ஒதுக்கியதால்தான் அபூர்வமாயிற்று. எல்லோரும் பத்திரப்படுத்தியிருந்தால் இந்த மதிப்பு ஏது? அதற்காக அதைக் கவிதை என்று கொண்டாட நான் தயாரில்லை. பெரும்பகுதி மட்டமான செய்யுள்தான். ஆனால் ஜனங்கள் எதைக் கேட்டு நின்றார்கள் என்பதற்கு அதைவிட நேரான சாட்சியம் இல்லை. ரசனை தள்ளியதைச் சரித்திரம் கேட்டு வாங்குகிறது. எதைக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை.

‘எழுத்து’ 1959 முதல் 1970 வரை 119 இதழ்கள் வந்தது. செல்லப்பா புஸ்தக மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனார். அந்த 119-ஐயும் வரிசை குலையாமல் வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?