பழைய ஆர்மோனியத்திற்கு நியாய விலை எது?



தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவிலும், மார்கழி மாதத்துப் பஜனையிலும் ஆர்மோனியப் பெட்டியின் ஓசையைக் கேளாத தோட்டக் குடும்பம் அரிது. அப்படிப்பட்ட பெட்டி ஒன்றை விற்கவோ வாங்கவோ வேண்டிய நேரம் வந்தால், அதற்கு என்ன விலை சொல்வது? "பழைய சாமான்தானே" என்று வாங்குகிறவர் சொல்வார். "தாத்தா காலத்துப் பெட்டி, இப்போது எங்கே கிடைக்கும்?" என்று விற்கிறவர் சொல்வார். இருவர் சொல்வதும் விலை ஆகாது. நியாய விலை எது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன இருக்கிறது என்ற வரலாறு நமக்குத் தெரிய வேண்டும்.

ஆர்மோனியத்தின் உயிர் அதன் ரீடுகளில் இருக்கிறது. ரீடு என்பது மெல்லிய பித்தளை நாக்கு. காற்றுப் படும்போது அது அதிர்ந்து ஒலிக்கிறது. சீனர்களின் ஷெங் என்னும் பழமையான ஊது வாத்தியமும் இதே முறையில் ஒலிப்பதுதான். ஐரோப்பாவில் பலர் இம்முறையைக் கொண்டு புதிய வாத்தியங்களைச் செய்து பார்த்தார்கள். பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1840-களின் தொடக்கத்தில் ஒரு பெட்டி வாத்தியத்திற்குக் காப்புரிமை பெற்று, அதற்கு 'ஆர்மோனியம்' என்று பெயரிட்டார். அது மேசைபோல் நிற்கும். நாற்காலியில் அமர்ந்து, காலால் மிதித்துத் துருத்தியை இயக்க வேண்டும். பாதிரிமார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் அதனை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடும் நம்மவர்களுக்குக் கால் மிதிப்பெட்டி பொருந்தவில்லை. கல்கத்தாவில் 1875-இல் துவாரகின் என்ற வாத்தியக் கடையைத் தொடங்கிய துவாரகநாத் கோஷ் என்ற வங்காளி இதற்கு வழி கண்டார். துருத்தியைப் பெட்டியின் பின்புறம் வைத்து, ஒரு கையால் காற்றடித்து மறு கையால் வாசிக்கும்படி சிறிய பெட்டியாக அமைத்தார். தலையில் சுமந்து செல்லவும் கப்பலில் ஏற்றவும் ஏற்ற பெட்டி அது. நம் மக்களிடம் வந்து சேர்ந்தது இந்தக் கைப்பெட்டிதான்.

பெட்டி இந்தியாவில் செய்யப்பட்டாலும், உள்ளே இருந்த ரீடுகள் நெடுங்காலம் பாரிஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தன. இரண்டாம் உலகப் போர் அந்த வரத்தைத் தடுத்தது. இந்தியாவிலேயே ரீடு செய்யும் தொழில் வளர்ந்தது. குஜராத்தில் உள்ள பாலிதானா என்ற ஊர் அதற்குப் பெயர் பெற்றது. ஆகவே இன்று ஒருவர் "இது பாரிஸ் ரீடு பெட்டி" என்று கூறி அதிக விலை கேட்டால், அது வெறும் பெருமைப் பேச்சாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். மேல்பலகையைத் திறந்து ரீடுகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சுக்கு விலை கொடுக்க வேண்டும். வெளியே உள்ள பெயர்ப் பலகையும் பாலிஷும் எளிதில் மாற்றக்கூடியவை.

தமிழ் நாடக மேடையில் ஆர்மோனியம் அரசு வீற்றிருந்தது. 1906 முதல் 1933 வரை வாழ்ந்த செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவருடைய சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். பாடுகிறவரின் குரலை 'நாலு கட்டை, ஐந்து கட்டை' என்று நாம் அளந்து சொல்கிறோமே, அந்த வழக்கமும் இந்தப் பெட்டியின் கட்டைகளிலிருந்து வந்ததே. வெள்ளைக் கட்டையில் முதலாவது ஒரு கட்டை. அதை அடுத்த கறுப்புக் கட்டை ஒன்றரைக் கட்டை. நாடகக் குழுக்கள் கடல் கடந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தபோது, இந்தச் சொல்லும் பெட்டியும் கூடவே வந்தன.

ஆனால் வாத்தியத்தின் மதிப்பு எல்லார் கண்ணிலும் ஒன்றாக இருந்ததில்லை. கட்டையை அழுத்தினால் ஒரே நிலையில் நிற்கும் சுரம்தான் ஆர்மோனியத்தில் வரும். வீணையிலும் வாய்ப்பாட்டிலும் வரும் கமகம் அதில் வராது. இந்தக் குறையைக் காட்டி அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. வானொலி ஒதுக்கிய அந்தக் காலம் முழுவதும் பஜனை மடங்களும் நாடக மேடைகளும் அதைக் கைவிடவில்லை. பலர் சேர்ந்து பாடும் இடத்தில் சுருதி பிசகாமல் எல்லாரையும் ஒன்றாக இழுத்துச் செல்ல அதைவிட எளிய வாத்தியம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதிலிருந்து விலையைப் பற்றிய முதல் பாடம் கிடைக்கிறது: ஒரு வாத்தியத்தின் விலையை, அதை வாங்கி உபயோகிக்கப் போகிறவரின் தேவையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வித்துவானுக்கு உதவாத பெட்டி பஜனைக் குழுவுக்குப் பொன்னாக இருக்கலாம்.

இரண்டாவது பாடத்தை நம் சொந்த வரலாறு கற்பிக்கிறது. மலாயாத் தோட்டங்களில் 1930-க்குச் சற்று முன், ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது பல பகுதிகளில் இருந்த நிலை. ரப்பர் விலை வீழ்ந்ததும் அந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாலு நாளில் கப்பலேற வேண்டிய ஒருவர் தம் பானை சட்டியையோ பெட்டியையோ விற்கும்போது பேரம் பேச முடியுமா? கிடைத்ததை வாங்கிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி ஏது?

அடுத்தது ஜப்பானியர் காலம். 1942 முதல் 1945 வரை அவர்கள் அச்சடித்த நோட்டுகள் நாட்டில் புழங்கின. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் அதனை வாழைமர நோட்டு என்றார்கள். நாளாக ஆக அந்த நோட்டின் மதிப்பு சரிந்தது. பொருளின் விலை ஏறியது. போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பியதும் அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. ஒரு பொருளைப் பெருந்தொகைக்கு விற்றதாக எண்ணி நோட்டுக் கட்டை வைத்திருந்தவர் கையில் மிஞ்சியது வெறும் காகிதம். எண்ணிக்கையில் பெரிய தொகை எப்போதும் நல்ல விலை ஆகாது என்பதை அந்தத் தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டது.

மூன்றாவது, தோட்டத் துண்டாடல். 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். லயங்கள் காலியாயின. அந்த விலை பேசப்பட்டபோது, அங்கே வாழ்ந்த தொழிலாளியை யாரும் கேட்கவில்லை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதும், தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு செலுத்தித் தோட்டங்களை வாங்கியதும் இதற்கு மறுமொழியாகத்தான். பின்னர் 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி வந்தபோது, இன்னும் பல குடும்பங்கள் மூட்டை கட்டின.

இந்த மூன்று காலங்களிலும் அவசரமே விலையை நிர்ணயித்தது. விற்கிறவரின் அவசரத்தைக் கண்டு ஒருவர் விலையைக் குறைத்தால், அவர் பெட்டிக்கு விலை கூறவில்லை. விற்கிறவரின் கஷ்டத்திற்கு விலை கூறுகிறார். அதேபோல், திருவிழா நெருங்கிவிட்டது, குழுவுக்கு உடனே பெட்டி வேண்டும் என்று அறிந்து ஒருவர் விலையை ஏற்றினால் அதுவும் அநியாயமே. நியாய விலை என்பது, யாருக்கு அவசரம் என்று தெரியாத மூன்றாம் மனிதர் ஒருவர் பொருளை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய விலை. அடகுக்கடையில் கிடைக்கும் தொகையையும் விலை என்று எண்ணிவிடக் கூடாது. அது கடன். கொடுத்த கடன் திரும்பி வராவிட்டாலும் நட்டமில்லாதபடி கடைக்காரர் கணக்கிட்ட தொகை அது.

சரி, பொருளை மட்டும் பார்ப்பது எப்படி? நான்கு சோதனைகள் போதும்.

முதலாவது, துருத்தி. காற்றை நிரப்பி, கட்டை எதையும் அழுத்தாமல் விட்டுப் பாருங்கள். துருத்தி சட்டென்று தளர்ந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. கட்டையைத் தொடாமலே ஏதாவது சுரம் ஊளையிட்டால், அந்தக் கட்டையின் கீழுள்ள மூடி சரியாக மூடவில்லை.

இரண்டாவது, கட்டைகள். முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். நம் நாட்டு ஈரக் காற்றில் மரம் ஊதும், கட்டைகள் சிக்கிக்கொள்ளும். இது பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய குறை. கறையான் அரித்த பலகை அப்படியல்ல.

மூன்றாவது, ரீடுகள். 42 கட்டைகள் உள்ள இரட்டை ரீடு பெட்டியில் 84 ரீடுகள் இருக்கும். சுருதி சேர்ப்பவர் ரீடின் நுனியைச் சுரண்டிச் சுரத்தை ஏற்றுவார். அடியைச் சுரண்டி இறக்குவார். ஒவ்வொரு முறையும் பித்தளை தேய்கிறது. சுரண்டல் தழும்பு நிறைந்த ரீடு இன்று நன்றாக ஒலித்தாலும் நாளை முறியலாம்.

நான்காவது, சுருதி. சுருதிக்கு உலகப் பொது அளவு ஒன்று 1939-இல் லண்டன் மாநாட்டில் பேசி முடிவாயிற்று. அதற்கு முந்திய பெட்டிகள் சில, இன்றைய மின்விசைக் கீபோர்டுடன் சேராமல் போகலாம். தனியாக வாசிக்கக் குற்றமில்லை. சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் சுருதி மாற்றும் கூலியைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அதே அளவு, அதே ரீடு எண்ணிக்கை உள்ள புதிய பெட்டியின் இன்றைய விலையைக் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் உள்ள நம்மவர் கடைகளில் விசாரியுங்கள். பேச்சுக்கு அது 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கைப்பட்ட பெட்டி என்பதற்காக மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க இருவரும் சம்மதித்தால் 800 வெள்ளி. பழுதுபார்ப்பவர் துருத்திக்கும் சுருதிக்கும் சேர்த்து 250 வெள்ளி ஆகும் என்றால், மீதி 550 வெள்ளி. ரீடுகள் உண்மையிலேயே உயர்ந்தவை என்று பழுதுபார்ப்பவர் சொன்னால், அதற்கென்று ஒரு தொகையைக் கூட்டலாம். மூன்றில் ஒரு பங்கு என்பது சட்டமல்ல. பெட்டியின் தேய்மானத்தைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கூட்டலுக்கும் கழித்தலுக்கும் கண்ணால் காட்டக்கூடிய காரணம் இருக்க வேண்டும். தாத்தாவின் நினைவுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அந்த நினைவு விலைமதிப்பற்றது என்றால், பெட்டியை விற்காமல் வைத்துக்கொள்வதே முறை.

குறையை மறைக்காமல் சொல்வது விற்கிறவரின் கடமை. தெரிந்த சிறப்பை இல்லையென்று சாதிக்காமல் இருப்பது வாங்குகிறவரின் கடமை. பல ரீடுகள் நல்லவை என்று கண்டுகொண்டும் "எல்லாம் துருப்பிடித்தவை" என்று சொல்லி வாங்குகிறவர், தராசில் விரல் வைத்தவருக்குச் சமம்.

இறுதியாக ஒரு முக்கியமான செய்தி. தோட்டத்தில் உள்ள பெட்டிகளில் பல, தனியாருடையவை அல்ல. கூலிப் பணத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, பஜனைக் குழுவோ கோயில் குழுவோ வாங்கியவை. தோட்டம் கைமாறி மக்கள் பிரியும்போது அந்தப் பெட்டி யாருடைய வீட்டில் இருக்கிறதோ அவருடையதாகிவிடாது. விற்பதானால் கூட்டம் கூட்டி, விலையை எல்லார் முன்னிலையிலும் பேசி, தொகையைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். இயன்றால், சிறிது விலை குறைந்தாலும் வேறொரு தோட்டத்துப் பஜனைக் குழுவுக்குக் கொடுக்கலாம். அப்படிக் குறைப்பது எல்லாரும் அறிந்து மனமுவந்து குறைப்பது. ஏமாந்து குறைந்தது அன்று.

பாரிஸில் பெயர் பெற்று, கல்கத்தாவில் உருமாறி, கப்பலில் வந்து நம் லயத்து வாசலில் ஒலித்த பெட்டி இது. அதை அடுத்தவர் கைக்கு மாற்றும்போது, கொடுத்தவரும் வாங்கியவரும் மறுநாள் கோயிலில் சந்தித்தால் முகம் திருப்பாமல் பேசிக்கொள்ள வேண்டும். அவ்வாறு பேசிக்கொள்ள முடிகிற விலையே நியாய விலை.