மிதவைச் சங்கிலியின் கணக்கு

ஹோவர்கிராஃப்டை உருவாக்கிய கிறிஸ்டோபர் காக்கரெல் 1970களில் கடலலையின் பக்கம் திரும்பினார். எண்ணெய் விலை எகிறி, பிரிட்டன் மாற்று எரிசக்தியைத் தேடிய காலம் அது. தட்டையான மிதவைகளைக் கீல் வைத்து வரிசையாகக் கோத்துக் கடலில் விட்டால், அலை கடக்கும்போது கீல்கள் மடங்கி விரியும். அந்த அசைவில் பம்புகளை ஓட்டி மின்சாரம் எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். 1978இல் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி ஒன்று தெற்கு இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணையில் மிதந்தது.

மிதவைகள் எத்தனை வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், கீல் எவ்வளவு இறுக்கம்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மாதிரியைச் செய்து தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 1979இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பியர் ஹாரனும் சியாங் மெய்யும் இந்த மிதவைத் தொடரைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். மரமும் இரும்புமாக இருந்த பொருள் அங்கே எண்களாகவும் வாழத் தொடங்கியது.

தனியாக மிதக்கும் ஒரு பொருளுக்கு ஆறு வகை அசைவுகள் உண்டு: முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என மூன்று நகர்வுகள், மூன்று சுழற்சிகள். ஐந்து மிதவைகள் என்றால் முப்பது. சிக்கல் அந்த எண்ணிக்கையில் இல்லை. ஒரு மிதவை அசைந்தால் அதுவே ஒரு சிற்றலையை எழுப்புகிறது. அந்த அலை போய் மற்ற நான்கையும் தள்ளுகிறது. ஆக, எது எதை எவ்வளவு தள்ளும் என்று முப்பதுக்கு முப்பது கட்டங்கள் கொண்ட அட்டவணைகள் வேண்டும். அவற்றை ஒவ்வொரு அலை அதிர்வெண்ணுக்கும் புதிதாகக் கணக்கிட வேண்டும். கடலில் மிதக்கும் கட்டமைப்புகளுக்காக எம்.ஐ.டி.யில் வளர்ந்த வாமிட் போன்ற மென்பொருள்கள் மிதவையின் மேற்பரப்பைச் சிறு சிறு தகடுகளாகப் பிரித்து இந்த வேலையைச் செய்தன. போதாததற்கு, நீருக்கு நினைவும் உண்டு. சற்று முன்பு எழுப்பிய அலை இன்னும் அடங்காமல் இப்போதைய அசைவைத் தொடும். அதைக் கணக்கில் சேர்க்கும் வழியைக் கப்பல் ஆய்வாளர் கம்மின்ஸ் 1962இலேயே தந்திருந்தார்.

இந்தக் கணக்கை மெய்யான கடலுக்கு இறக்கியவர்கள் எடின்பரோக்காரர்கள். ரிச்சர்ட் யெம் 1998இல் தொடங்கிய நிறுவனம், தட்டை மிதவைகளுக்குப் பதிலாக உருளைகளைக் கோத்து, கடற்பாம்பின் பெயரால் பெலாமிஸ் என்ற எந்திரத்தை வடிவமைத்தது. 120 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் விட்டம், 750 கிலோவாட் திறன். 2004இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் அது மின்கட்டமைப்புக்கு மின்சாரம் தந்தது.

பெலாமிஸ் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதன் மூட்டு. மூட்டு மேலும் கீழுமாக மடங்கினால் மிதப்பு விசை அதை வலுவாகத் திருப்பித் தள்ளும். பக்கவாட்டில் மடங்கினால் தள்ள விசையே இல்லை. இரண்டுக்கும் நடுவே, சாய்ந்த ஒரு திசையில் மடங்கச் செய்தால் திருப்பும் விசையை வேண்டிய அளவுக்குக் குறைக்கலாம். அப்போது எந்திரத்தின் இயல்பான ஆட்டம் வரும் அலையின் தாளத்தோடு பொருந்தும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் சிறிய அலையும் பெரிய அசைவைத் தரும். புயலில் அதே பொருத்தத்தைக் கலைத்துவிடலாம்; மெல்லிய உருளை பேரலையின் முகட்டுக்குள் புகுந்து வெளியேறும். இப்படி ஒரு கருத்தைக் கணினியில் நூற்றுக்கணக்கான கடல்நிலைகளில் ஓட்டிப் பார்க்காமல் யாரும் இரும்பில் பணத்தைப் போட மாட்டார்கள்.

2008இல் போர்ச்சுகலின் அகுசதோராவில் மூன்று பெலாமிஸ்கள் இறங்கின. சில வாரங்களிலேயே பேரிங் கோளாறோடு துறைமுகத்துக்குத் திரும்பின; முதலீட்டாளரின் நிதி நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. கணினியில் மூட்டு என்பது தேயாத ஒரு கோடு. கடலில் அது உப்புநீரில் இரவும் பகலும் அரைபடும் உலோகம். அடுத்து வந்த 180 மீட்டர் எந்திரத்தில் ஐந்து உருளைகள், இரு திசையிலும் மடங்கும் நான்கு மூட்டுகள். உருளைகளை மூட்டுகளால் இணைத்த பிறகு முப்பது அசைவுகளில் பதினான்கே மிஞ்சும். அந்த எந்திரத்தையும் ஆர்க்னியில் ஓட்டிப் பார்த்த பின், 2014இல் நிறுவனம் மூடப்பட்டது.

அதன் அறிவுச் சொத்தை ஸ்காட்லாந்து அரசு அமைத்த வேவ் எனர்ஜி ஸ்காட்லாந்து வாங்கிக்கொண்டது. பொதுப்பணத்தில் செய்த மிக நல்ல செலவு அது என்றே கருதுகிறேன். இரும்பை உருக்கிவிடலாம், கடலில் பட்ட பாட்டை இன்னொரு முறை விலைகொடுத்து வாங்குவது கடினம். அதே 2014இல் அமெரிக்க ஆய்வகங்கள் வெக்-சிம் என்ற மென்பொருளையும், பிரான்சின் நான்ட் நகரக் கல்விக்கூடம் நெமோ என்ற மென்பொருளையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டன. ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் இருந்த வகைக் கணக்கு மாணவரின் மடிக்கணினிக்கு வந்தது.

பெலாமிஸில் விஞ்ஞானியாக இருந்த கிறிஸ் ரெட்ஸ்லரும் கேமரன் மெக்நாட்டும் சேர்ந்து மோஷன் எனர்ஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இம்முறை கணினி வெறும் சோதனைக் களமாக நிற்கவில்லை. வடிவத்தைத் தேடும் வேலையே அதனிடம் போனது. ஒரே கீலில் இணைந்த இரு மிதவைகள், சரிந்த முகப்புகள்: கையால் வரைபவருக்கு எளிதில் தோன்றாத உருவம். 20 மீட்டர் நீளமுள்ள, புளூ எக்ஸ் என்ற அந்த எந்திரம் 2021இல் ஆர்க்னியின் ஸ்காபா ஃப்ளோவில் மிதந்தது. 2023இல் தீவுகளுக்குக் கிழக்கே, கடலடியில் வைத்த ஒரு மின்கலத்துக்கு அது மின்சாரம் ஊட்டியது.