சிதல் முதல் இலைப்பேன் வரை

மாணிக்கவாசகப் பெருமான் சிவபுராணத்தில் பிறவிகளை அடுக்கிச் சொல்லும் இடத்தை தில்லியிலுள்ள அன்பர்கள் நித்தம் ஓதுகிறார்கள். அதை விளக்கப் புகவில்லை. அந்த வரிசையில் வரும் புழுவைப் பற்றித்தான் என் பேச்சு.

நம் சாணக்யபுரிக்குப் பெயர் தந்த சாணக்கியரும் பூச்சியை விட்டுவைக்கவில்லை. அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணத்தில் எலித் தொல்லைக்குப் பரிகாரம் சொன்ன கையோடு, வெட்டுக்கிளிக்கும் பறவைக்கும் கிருமிக்கும் அதுவே பொருந்தும் என்று முடித்துவிடுகிறார். நாடாள்பவருக்கு அவ்வளவு போதும். தொல்காப்பியருக்குப் போதவில்லை.

தம் நூலின் மரபியல் என்னும் பகுதியில் அவர் உயிர்களைப் புலனறிவால் பிரிக்கிறார். நந்துக்கும் (நத்தை) முரளுக்கும் (சிப்பி வகை) இரண்டு அறிவு. சிதலுக்கும் எறும்புக்கும் மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு. மூன்று என்றால் தொடுதல், சுவை, மணம்; பார்வை கிடையாது. சிதல் என்னும் கறையானின் புற்றை உடைத்து, உள்ளே ஓடும் வெளுத்த வேலைக்காரக் கறையானை உருப்பெருக்கியில் பாருங்கள். மணிமாலை போன்ற உணர்கொம்பு உண்டு, கண் இராது. பெரும்பாலான இனங்களில் அது பிறவிக் குருடு. மண்ணில் குனிந்து பார்த்த ஒருவர்தான் இப்படி எழுதியிருக்க முடியும். எறும்புக்குப் பெரும்பாலும் கண் உண்டே என்பார்கள். உண்டு. நூலின் பெருமைக்காக அதை மழுப்ப நான் தயாரில்லை.

இன்றைய பல்கலைக்கழகங்கள் வம்சாவளி பார்த்துப் பிரிக்கின்றன. 2007இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் மரபணுவைக் காட்டிக் கறையானைக் கரப்பான் குடும்பத்தில் சேர்த்தார்கள். எறும்போ குளவிக்குச் சொந்தம். தொல்காப்பியர் சேர்த்த ஜோடி பிரிந்தது. ஆனால் 2010இல் மேரிலாந்து, டியூக் பல்கலைக்கழகத்தார் 62 மரபணுக்களை ஒப்பிட்டபோது, பூச்சியினமே நண்டின் கூட்டத்திலிருந்து கிளைத்தது என்பது உறுதிப்பட்டது. நண்டும் தும்பியும் ஒரே கிளை! உடனே 'டார்வினுக்கு முன்பே' என்று மேடையில் முழங்க வேண்டாம். தொல்காப்பியர் எண்ணியது புலன்களை, பரம்பரையை அன்று.

அந்தக் கூர்த்த கண் நம்மவரிடம் தொடர்ந்தது. தஞ்சையில் பிறந்த எம்.எஸ். மணி (1908–2003) ஆக்ரா செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பூச்சியியல் பள்ளியை நிறுவி, 1950களில் மாணவர்களோடு இமயம் ஏறினார். பனி உருகும் விளிம்பில், கல்லுக்கடியில் சிறகு குறுகிக் கறுத்த பூச்சிகள். சமவெளியிலிருந்து காற்று தூக்கிவந்து பனிமேல் கொட்டும் மகரந்தமும் செத்த பூச்சிகளுமே அவற்றில் பலவற்றுக்கு ஆகாரம். படியளப்பவன் எங்கிருந்தெல்லாம் அளக்கிறான்! இவற்றையெல்லாம் உயர்மலைப் பூச்சியியல் என்ற தனித்துறையாக்கி 1962இல் நூல் செய்தார்.

சென்னை லயோலா கல்லூரியின் டி.என். அனந்தகிருஷ்ணன் (1925–2015) இலைப்பேனுக்கே வாழ்க்கையைக் கொடுத்தார். அதற்கு இடப்பக்கத் தாடை மட்டும்தான். வலப்பக்கத்தது கருவிலேயே தேய்ந்துவிடும். அந்த ஒற்றைத் தாடையால் இலையைக் குத்திச் சாறு உறிஞ்சுகிறது. பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாத இந்த ஜீவன்களை அவர் இனம் பிரித்து எழுதிய நூல் 1969இல் வந்தது.

இந்தக் கலையைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம்; சாணக்யபுரியிலிருந்து ரிட்ஜ் காட்டைத் தாண்டினால் பூசா. 1934 பீகார் பூகம்பத்தில் இடிந்து, 1936இல் இங்கே குடிவந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1958 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தேசியப் பூச்சித் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. பெற்றோர்களே, விலங்கியல் படிக்கிறேன் என்னும் பிள்ளையை ஐஏஎஸ் பயிற்சிக்கு விரட்டாதீர்கள். 2021இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களைச் சூறையாடியது தென்கிழக்காசியாவிலிருந்து வந்த புது இலைப்பேன். உள்ளூர் இலைப்பேனிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல உருப்பெருக்கியில் குனிந்து பழகிய கண் வேண்டியிருந்தது.