ஏடு யார் கையில்?



மின்னாளுமை என்றால் "ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, அதுதான்" என்று பலரும் நினைக்கிறோம். கம்ப்யூட்டர் வந்தது பழைய கதை. மத்திய அரசு தேசிய தகவலியல் மையத்தை 1976-லேயே தொடங்கிவிட்டது. 1980-களின் பிற்பகுதியில் 'நிக்நெட்' மாவட்டத் தலைநகரங்களை டெல்லியோடு இணைத்தது. ஆனால் ஒரு நகலுக்காக விவசாயி அலைந்த அலைச்சல் அப்படியேதான் இருந்தது. கணினி அரசாங்கத்துக்கு உதவியது; ஜனங்களிடம் வரவில்லை. பிறகு எப்படி வந்தது என்பதற்குப் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் நல்ல பாடம்.

அங்கே நிலம் யாருடையது, என்ன பயிர், என்ன கடன் எல்லாம் 'பகாணி' என்ற பதிவேட்டில் இருக்கும். சுமார் 9,000 கிராமக் கணக்கர்கள் அதைக் கையால் எழுதிப் பராமரித்தார்கள். வங்கிக் கடனுக்கு நகல் வேண்டுமென்றால் முதலில் கணக்கரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பல இடங்களில் கையில் ஏதாவது வைக்கவும் வேண்டும். தகப்பனார் காலமானபின் மகன் பெயருக்கு மாற்றுவது அதைவிடப் பெரும்பாடு.

2001 வாக்கில் 67 லட்சம் உரிமையாளர்களின் சுமார் 2 கோடிப் பதிவுகள் கணினிக்கு மாறின. அப்போது தாலுகா அலுவலக மையத்தில் 15 ரூபாய் கட்டினால் நகல் கைக்கு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது இயந்திரத்தை அல்ல, கூடவே வந்த விதிகளை. கையால் எழுதிய நகல் இனிச் செல்லாது என்று அரசு அறிவித்தது. பெயர்மாற்ற மனுக்களை வந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும். அலுவலர் தன் கைரேகையை வைத்தால்தான் உள்ளே நுழைய முடியும்; யார் திருத்தினார் என்பது பதிவாகிவிடும். மனுதாரர் பக்கம் திருப்பி இன்னொரு திரையும் வைத்தார்கள்.

இதைத்தான் மின்னாளுமை என்பேன். ஏடு ஒருவர் கக்கத்திலிருந்து எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வருவது. அதற்குச் சட்டமும் துணை வேண்டும். 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் ஆவணத்துக்குச் சட்ட மதிப்புக் கொடுத்தது. 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2006-ல் தேசிய மின்னாளுமைத் திட்டம், அதன் கீழ் ஊர்ப்புறங்களில் பொதுச் சேவை மையங்கள். நம்மூர் இ-சேவை மையமும் இந்த வரிசையில் வந்ததுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய ஏட்டில் இருந்த பிழை கணினியிலும் அப்படியே ஏறும். அச்சில் வந்துவிட்டால் அதுவே உண்மை என்று ஆகிவிடுகிறது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவர் பெயர் ஏட்டிலும் இல்லை, திரையிலும் இல்லை. பெங்களூரைச் சுற்றி ஆராய்ந்த சிலர், தாலுகாவில் குவிந்த விவரங்கள் சிறு விவசாயியைவிட நிலம் தேடி வந்த பெரும்புள்ளிகளுக்கே அதிகம் பயன்பட்டன என்று எழுதினார்கள். படிக்கத் தெரியாதவருக்குத் தன் பக்கம் திருப்பிய திரையும் சுவர்தான். ஆக, திரையில் தெரிகிறதா என்பதோடு கேள்வி முடியவில்லை. தவறு இருந்தால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் திருத்துவார்கள் என்பதற்கும் பதில் இருந்தால்தான் அது ஆளுமை. இல்லாவிட்டால் வெறும் மின்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நிலத்தின் விஷயத்தில் ஏட்டில் இருப்பதுதான் கறிக்கு உதவும்!

எனவே ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மா, பெரியப்பா, சித்தப்பா பட்டாக்களை இணையத்தில் எடுத்து, பெயர், சர்வே எண், பரப்பு மூன்றையும் பழைய பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அவர்கள் இருக்கும்போதே மனுக் கொடுங்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு திருத்துவது நூறு மடங்கு கஷ்டம். பக்கத்து வீட்டில் படிக்கத் தெரியாதவர் இருந்தால், அவருடையதையும் சேர்த்துப் பாருங்கள்.